மழலைக் கூடத்துக் கைகள்

செவ்வாய்க் கிரகம், நாள் 611 · காலை 07:30

மழலைக் கூடம், செங்கரைக் குடியிருப்பு. பதிபவர்: டாக்டர் குழல்வாய்மொழி, குழந்தை மருத்துவம்.

உள்வெப்பம் சரி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் வடிகட்டி மாற்றப்பட்டது. பால்மாவு மூன்று வாரத்துக்குத் தாங்கும்.

ஜைனப், பதினோரு மாதம். எடை கூடியிருக்கிறது. கீழே இரண்டு பல். தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அதியன், பத்து மாதம். எடை அதேதான். மலம் இளகல், கவலைப்பட ஒன்றுமில்லை.

சைகை: ஜைனப் 'பால்', 'இன்னும்', 'விளக்கு' மூன்றையும் தானாகவே செய்கிறாள். அதியன் 'பால்' மட்டும். பசு கறப்பதுபோலக் கையை மூடித் திறக்க வேண்டும். அவன் இரண்டு கையாலும் கறக்கிறான். இன்று புட்டி கண்ணில் படாதபோதே கேட்டான். எதிரில் இல்லாத ஒன்றைக் கேட்பது பெரிய காரியம். எழுதி வைக்கிறேன்.

பெரிய கூடாரத்தில் நுரையீரல் காய்ச்சல் தணியவில்லை. பாதிப்பேர் படுக்கையில். அதனால்தான் குடியிருப்பின் இரண்டே குழந்தைகளையும் என்னோடு இங்கே தனிமையில் வைத்திருக்கிறார்கள். கூடாரத்தையும் இந்தக் கூடத்தையும் இணைக்கும் சுரங்கப்பாதையின் இரு கதவுகளும் பூட்டியிருக்கின்றன. நோய் தணியும்வரை யாரும் வரக்கூடாது, போகக்கூடாது.

நாள் 612 · முற்பகல் 10:15

இந்தப் பதிவை யார் படிப்பார்கள் என்று தெரியாது. ஆகவே என்னைப் பற்றி ஒரு வரி. எனக்குக் காது கேட்காது. குழந்தையாக இருந்தபோதே சீழ் வைத்து இரண்டு செவிப்பறையும் கிழிந்து, உள்ளேயும் அழிந்துவிட்டது. தென்காசிப் பக்கத்து அம்மன் பெயரை எனக்கு வைத்தார்கள். காது போனது தெரிந்த பிறகும் அப்பா பெயரை மாற்றவில்லை. குழல்போல் இனிக்கும் பேச்சுடையவள் என்று பொருள். என்னுடன் படித்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டம் வாங்கும்போது முழுப் பெயரையும் அச்சடிக்கச் சொன்னேன்.

யார் பேசினாலும் திரை அதை அப்படியே எழுத்தாக்கிக் காட்டும். இன்று ஒரு செய்தி வந்தது, நிர்வாகத் தலைவர் வைரவனிடமிருந்து. அதியனின் அப்பா.

"டாக்டர், கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். புள்ளைக ரெண்டும் வாயத் தெறக்கவே இல்ல, கையத்தான் ஆட்டுதுக. இங்க கதவு, கொழா, விளக்கு எல்லாமே கொரலுக்குத்தான் கேக்கும். பேசத் தெரியாத புள்ள இந்த ஊர்ல எப்படிம்மா பொழைக்கும்? இன்னையோட அந்தச் சைகைய நிறுத்திருங்க. கொரல் பெட்டி ஒண்ணு சரக்கு வாசல்ல வச்சிருக்கேன். பகல் பூரா ஓடட்டும். இது உத்தரவுன்னே வச்சுக்குங்க."

என் பதில்: "பேசத் தெரியாத நான் இந்த ஊரில் அறுநூறு நாளாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அட்டை கொடுத்தீர்கள், திறக்கிறது. கைகளுக்குத் தசை முந்தி வருகிறது, நாக்குக்குப் பிந்தி வருகிறது. நடுவில் இருக்கும் மாதங்களில் ஒரு குழந்தை சும்மா அழுதுகொண்டிருக்கத் தேவையில்லை. சைகை கற்ற குழந்தை பேச மறுப்பதில்லை. பெட்டியை வைக்கிறேன். கைகளை நிறுத்தமாட்டேன்."

சரக்கு வாசலின் சிறு கதவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

நாள் 613 · மாலை 16:40

குரல் பெட்டியைத் தொட்டிலுக்கு நடுவில் வைத்தேன். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரிகிறது. பெண் குரலாம். 'அம்மா, அப்பா, ஆடு, இலை' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறதாம்.

முதல் ஒரு மணி நேரம் இருவரும் அதையே பார்த்தார்கள். ஜைனப் அதனிடம் 'பால்' கேட்டாள். பெட்டி 'ஆடு' என்றது. 'இன்னும்' என்றாள். பெட்டி 'இலை' என்றது. மதியத்துக்குப் பிறகு இருவரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாத ஆளோடு யார்தான் பேசுவார்கள்?

குரலுக்கு நான் எதிரி அல்ல. இருவரும் மழலை பேசுகிறார்கள். தூக்கி வைத்துக்கொள்ளும்போது அவர்கள் மார்பு என் கழுத்தில் அதிர்வது எனக்குத் தெரியும். அதியன் உதட்டைக் குவித்து 'ப்ப்ப' என்கிறான். அதைக் கேமராவிலிருந்து பார்க்க முடியாது. பார்க்க விரும்புபவர் நேரில் வந்து தூக்க வேண்டும், இப்போதைக்கு அது முடியாது. அதுவும் எனக்குப் புரிகிறது.

நாள் 614 · காலை 08:05

வைரவன்: "டாக்டர், நீங்க இன்னும் நிறுத்தல. அதியனுக்குச் சோறு ஊட்டும்போது உங்க கை சும்மாவே இல்ல. நான் சொல்றது வெளங்கலையா, இல்ல வெளங்காத மாதிரி இருக்கீங்களா? ஊட்டுற நேரமாச்சும் ஒரு கையப் பின்னால வச்சுக்குங்க."

பள்ளியில் எங்களைக் கைகள்மேல் உட்காரச் சொல்வார்கள். வாயைப் பார், வாயைப் பார் என்பார்கள். விரல் அசைந்தால் அடிக்கோல். ஏழு வயதில் மரத்துப்போன கைகளோடு வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது. சொன்னபடி உட்கார்ந்தேன், வேறு வழியில்லை. இப்போது இருக்கிறது.

கேமராமேல் ஒரு குழந்தைத் துணியைப் போட்டு மூடினேன். துவைத்த துணிதான்.

நாள் 614 · பிற்பகல் 14:20

ஜைனபின் தாய் ரஷீதா பேகம் அழைத்தார். காயல்பட்டினத்துக்காரர், குடியிருப்பின் ஊர்தி ஓட்டுநர். காய்ச்சல் பரவுவதற்கு முன்பே உப்புப் பள்ளத்துக்குத் தனியாக ஊர்தியோடு போனவர். நோய் தொற்றாததால் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கணவர் பூமியில், கப்பல் வேலையில்.

"டாக்டரே, தலைவர் என்கிட்டயும் சொன்னாரு. நீங்க கோவிச்சுக்காதீங்க. எனக்கும் கொஞ்சம் கலக்கமாத்தான் இருக்கு. எம் புள்ள என்னை உம்மான்னு ஒரு தடவ வாய் நெறையக் கூப்பிடணும். அதுக்குத்தானே இந்த வெட்டவெளியில பல்லக் கடிச்சுட்டுக் கெடக்கேன்."

ஜைனபைத் தூக்கித் திரைக்கு முன் உட்கார வைத்தேன். திரையில் தாயின் முகம். ஜைனப் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைத் தன் கன்னத்தில் இரண்டு முறை தட்டினாள். திரையை நோக்கிக் கையை நீட்டினாள். மறுபடி கன்னத்தில் தட்டினாள்.

ரஷீதா திரைக்கு அருகில் குனிந்தார்.

"என்ன செஞ்சா? டாக்டரே, அது என்ன?"

"உம்மா என்கிறாள்" என்று எழுதினேன். "உங்கள் படத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். முதல் முறையாகத் தானே சொல்கிறாள்."

ரஷீதா அழுதார். அழுகைக்கு அந்த இயந்திரத்திடம் எழுத்து கிடையாது. பிறகு வந்தது.

"கூப்பிட்டுட்டா. எங்கண்ணு, கூப்பிட்டுட்டா. நான் எப்படிப் பதில் சொல்ல? எனக்கும் காட்டுங்க."

மாலை வரை காட்டினேன்.

நாள் 615 · காலை 09:10

புதிதாக ஒன்று. முந்தின வாரம் தடுப்பூசி போட்டபோது 'வலி' கற்றுக் கொடுத்திருந்தேன். வலிக்கும் இடத்தில் இரண்டு சுட்டுவிரலையும் எதிரெதிரே குத்துவதுபோல ஆட்ட வேண்டும். தொடையில் வலித்தால் தொடையில், வயிற்றில் வலித்தால் வயிற்றில்.

இன்று ஜைனப் அழுதுகொண்டே காதருகே விரல்களை ஆட்டினாள். காதில் வலி. சோதித்தேன். காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. சிறிது நேரத்தில் தானாக அடங்கியது. விளையாடப் போய்விட்டாள்.

பல் முளைப்பதால் இருக்கலாம்.

நாள் 615 · முற்பகல் 11:30

மறுபடி. இப்போது அதியனும். அவனுக்கு விரல் இன்னும் பிரியவில்லை. இரண்டு முட்டியையும் காதில் மோதிக்கொள்கிறான். வலி, வலி, வலி. பால் கொடுத்தேன். விழுங்க விழுங்க அடங்கியது.

விழுங்கினால் அடங்கும் காதுவலி நோயால் வருவது அல்ல. அது காற்றழுத்தத்தால் வருவது. விமானம் இறங்கும்போது குழந்தைகள் எதற்காக அழுகிறார்களோ அதே வலி.

அளவுமானியைப் பார்த்தேன். அழுத்தம் சீர் என்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது. என் செவிப்பறைகள் ஓட்டை. அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு வலிக்காது. இந்தக் கூடத்தில் அதை உணரும் காதுகள் நான்கே. நான்கும் பேச்சு வராத காதுகள்.

நாள் 615 · பிற்பகல் 13:00

வைரவனுக்கு அறிவித்தேன். பதில்:

"எங்க திரையில மணிக்கொரு சராசரி வருது டாக்டர். ஒரு புள்ளி கூட நகரல. பொண்ணு செய்யிறதப் பாத்து பயலும் செய்யிறான், அவ்வளவுதான். நீங்க பழக்கிவிட்ட பழக்கம். இங்க ஒவ்வொருத்தரும் மூச்சுக்கு அல்லாடிக்கிட்டு இருக்காக. அதியனோட அம்மா ரெண்டு நாளாக் கண்ணு முழிக்கல. புள்ள கை ஆட்டுறத வச்சு நான் யார எழுப்பி எந்த மெஷினப் பாக்கச் சொல்லட்டும்?"

பார்த்துச் செய்கிறார்கள் என்பது நியாயமான சந்தேகம். நானும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பேன்.

இரண்டு தொட்டிலுக்கும் நடுவில் போர்வையைத் திரைபோலக் கட்டினேன். ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை. குரல் பெட்டியை நிறுத்தினேன். சுவர் ஓரமாகப் போகும் காற்றுக்குழாயில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன்.

நாள் 615 · பிற்பகல் 15:45

குழாய் அதிர்ந்தது. காற்றேற்றி ஓடத் தொடங்கும் அதிர்வு. சில நொடிகளில் ஜைனப் முகம் சுருங்கியது, காதில் விரல். போர்வைக்கு அந்தப் பக்கம் அதியன், காதில் முட்டி. குழாய் நின்றது. இருவரும் அடங்கினார்கள்.

மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் அப்படியே.

நடப்பது இதுதான். எங்கோ காற்று கசிகிறது. அழுத்தம் மெல்ல இறங்குகிறது. காற்றேற்றி கண்டுகொண்டு, தொட்டியிலிருந்து காற்றைத் தள்ளி மறுபடி நிரப்புகிறது. நிரம்பும்போது குழந்தைகளுக்குக் காது அடைத்து வலிக்கிறது. மணிக்கொரு சராசரியில் ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அழித்துவிடும். திரைக்கு எல்லாம் சீர். தொட்டியில் இருப்புக் குறைவது மட்டும் மெய்.

காலையில் ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இப்போது அரை மணிதான். ஓட்டை பெரிதாகிறது.

நாள் 615 · மாலை 16:20

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். சுரங்கப்பாதையைத் திறக்கும்படி கேட்டேன்.

வைரவன்: "தெறந்தா காய்ச்சல் உள்ள வரும். அந்தச் சின்ன நுரையீரல வச்சுக்கிட்டு ரெண்டும் ஒரு நாள் தாங்காது. எம் புள்ளைய நானே கொல்லச் சொல்றீங்களா? மீட்டர் பொய் சொல்லுது, பால்குடி மாறாத புள்ள நெஜம் சொல்லுதுன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? காலையில ஆளனுப்பி மீட்டரப் பாக்கச் சொல்றேன். மொதல்ல அந்தக் கேமரா மேல இருக்குற துணிய எடுங்க."

துணியை எடுத்தேன். கேமராவுக்கு நேராக நின்று குழாயில் கை வைத்தேன். அடுத்த அதிர்வுக்காகக் காத்திருந்து, இரு குழந்தைகளையும் விரலால் சுட்டினேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு அருகில் இருந்திருக்கலாம்.

நான் காத்திருக்கப் போவதில்லை. ரஷீதாவுக்கு எழுதினேன்: "ஜைனபுக்குக் காது வலிக்கிறதாம். இன்று ஆறு முறை சொல்லிவிட்டாள். நான் நம்புகிறேன். ஊர்தியோடு இங்கே வர முடியுமா? தலைவர் அனுமதிக்கவில்லை."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எம் மக சொல்லிட்டா, அதுக்கு மேல யாரு அனுமதி வேணும்? கெளம்பிட்டேன். நாளைக்கு மதியத்துக்குள்ள வாறேன். தாங்குமா டாக்டரே?"

தாங்கும் என்று எழுதினேன். தெரியாததை எழுதினேன்.

நாள் 616 · காலை 07:00

தரைக்கடியில், சுரங்கப்பாதையும் கூடமும் சேரும் பட்டையில்தான் விரிசல். தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன். கை எட்டவில்லை. பசையையும் துணியையும் திணித்தேன். உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது.

இருவருக்கும் ஒவ்வொரு நிரப்புதலுக்கும் முன்னால் புட்டியை வாயில் வைத்துவிடுகிறேன். வலி குறைகிறது. அதியன் இப்போது குழாய் அதிர்ந்தவுடனே 'பால்' கேட்கிறான்.

நாள் 616 · காலை 09:25

சிவப்பு விளக்கு. சுரங்கப்பாதையில் காற்று முழுதும் போய்விட்டது. இப்போது அவர்கள் திரையிலும் தெரிந்துவிட்டது.

வைரவன்: "டாக்டர். டாக்டர், நீங்க சொன்னது. நீங்க சொன்னப்பவே. கதவு எறங்கிப் பூட்டிக்கிச்சு, அந்தப் பக்கம் காத்து இல்லன்னா அது தெறக்காது. வெட்டித்தான் வரணும். எந்திரிக்க முடிஞ்ச நாலு பேர அனுப்பிருக்கேன். சாயங்காலம் ஆயிரும்ங்கிறாங்க. தாங்குவீங்களா?"

எழுதினேன்: "தொட்டியில் இருப்பு மதியம் வரைதான். ரஷீதா வந்துகொண்டிருக்கிறார். நான்தான் வரச் சொன்னேன். அவரைத் தடுக்காதீர்கள்."

வைரவன்: "தடுக்கல. யாரும் தடுக்க மாட்டாக."

நாள் 616 · பகல் 11:50

காற்றேற்றி நிற்காமல் ஓடுகிறது. குழாய் என் கையில் ஜுரம்போலச் சுடுகிறது. தலை வலி, லேசாக மூச்சு வாங்குகிறது. குழந்தைகள் சோர்ந்திருக்கிறார்கள். இருவரையும் ஒரே தொட்டிலில் போட்டேன்.

சன்னலில் புழுதி தெரிகிறது. ஊர்தி.

நாள் 616 · பகல் 12:35

இது பழைய சரக்குக் கிடங்கு. கிடங்கை மழலைக் கூடமாக மாற்றினார்கள். வெளிப்பக்கம் இருப்பது சரக்கு வாசல் ஒன்றுதான். பெட்டி போகும் அகலம். ஊர்தி அதில் வாயைப் பொருத்திக்கொண்டது.

ஜைனபை முதலில் அனுப்பினேன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து வாங்கிக்கொண்டன. பிறகு அதியன். துணி, புட்டி, மருந்துப் பை.

என் தோள் நுழையவில்லை. பக்கவாட்டில், கைகளை முன்னால் நீட்டி, தலையை முதலில் விட்டு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஊர்தியிலிருக்கும் விண்வெளி உடையின் மார்புக்கூடு இந்த வாசலைவிடப் பெரியது. ரஷீதா அதைத் திருப்பித் திருப்பி முட்டினார். உலோகத்தில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். என் உடை சுரங்கப்பாதையின் அந்தப் பக்கம் தொங்குகிறது.

ரஷீதா வாசல் வழியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. திரையில்:

"இப்படியே நிக்கிறேன் டாக்டரே. கதவ மூட வேணாம். என் வண்டியில இருக்குற காத்து உங்களுக்கும் வரட்டும். சாயங்காலம் அவங்க வந்துருவாங்க."

"உங்கள் காற்று எனக்கு வராது, விரிசலுக்குத்தான் போகும்" என்று எழுதிக் காட்டினேன். "ஒரு மணி நேரத்தில் நால்வரும் போவோம். கையை எடுங்கள்."

"மாட்டேன்."

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிராணவாயுக் குப்பி ஒன்றைத் தள்ளிவிட்டார், முகமூடியோடு. வாங்கிக்கொண்டேன். கதவை என் பக்கத்திலிருந்து மூடித் திருகினேன்.

அவருக்குக் கடைசியாக எழுதியது: "ஊர்தியில் அழுத்தம் ஏறும்போது இருவருக்கும் காது வலிக்கும். சொல்வார்கள். நம்பி, பால் கொடுங்கள்."

நாள் 616 · பகல் 13:10

குப்பி இருப்பதால் எழுத முடிகிறது. அழுத்தம் இறங்க இறங்கக் குப்பியும் உதவாது. எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடத் தெரியும். போடவில்லை.

ரஷீதா வாசலிலிருந்து கழன்று, போகாமல், ஊர்தியைச் சுற்றிக் கொண்டுவந்து என் சன்னலுக்கு எதிரே நிறுத்தியிருக்கிறார். இரண்டு கண்ணாடி, நடுவில் செவ்வாய். குரல் போகாத இடம். இருவரையும் மடியில் நிற்க வைத்துக்கொண்டிருக்கிறார். தெளிவாகத் தெரிகிறார்கள்.

ஊர்திக் கேமராவில் வைரவனும் பார்க்கிறார்.

"டாக்டர், பய கையில என்னமோ செய்யிறான். ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுக் காட்டுறான். என்ன சொல்றான்? எனக்குத் தெரியல. சொல்லுங்க."

"எங்கே என்கிறான். ஒளிந்து விளையாடும்போது காட்டிக் கொடுத்தது."

"யாரத் தேடுறான்?"

"தெரியாது. உங்களையோ என்னையோ. நீங்கள் அவனைப் பார்த்ததும் அதே கையால் 'இங்கே' என்று காட்டுங்கள். உள்ளங்கையால் மார்பைத் தட்டினால் போதும்."

"இங்கே" என்று திரையில் வந்தது. அவர் வாயால்தான் சொல்கிறார். கையும் தட்டியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிறகு: "நான் உங்க கையக் கட்டப் பாத்தேன்."

ஆமாம் என்று எழுதினேன். ஆறுதல் சொல்ல எனக்குக் காற்றும் இல்லை, மனமும் இல்லை.

நாள் 616 · 13:30

இதைக் கண்டெடுப்பவருக்கு. குறிப்புகள் மருந்து அலமாரியில். அவற்றைவிட முக்கியம்: அந்த இரண்டு பேரின் கைகளையும் யாரும் மடக்க வேண்டாம். அவர்கள் பேசுவார்கள். வாயாலும் பேசுவார்கள், நீங்கள் அவசரப்படுத்தாவிட்டால். அதுவரை கைகளைப் பாருங்கள். அழுகை என்று நீங்கள் நினைப்பதில் பாதி, பதில் கிடைக்காத பேச்சு.

காய்ச்சலுக்கு நான் வருந்துகிறேன். விரிசலுக்கு யாரையும் குற்றம் சொல்லவில்லை. கைகளுக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

13:42

விரல் நுனி நீலம். எழுத்துப் பலகையில் பிழை விழுகிறது. திருத்தவில்லை.

ஒன்று தோன்றியது. பால் இன்னும் விளக்கு உம்மா வலி எங்கே. எல்லாம் கேட்கிற சொல். மறுக்கிற சொல் ஒன்றுகூட நான் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அது வேண்டும். நாளைக்கே வேண்டியிருக்கும். யாராவது வந்து வாயை மட்டும் பார் என்பார்கள்.

சன்னலில் நிற்கிறேன். இடது கையால் எழுதுகிறேன். வலது கை பாடத்துக்கு.

மாட்டேன். உள்ளங்கையை வெளியே காட்டித் தள்ள வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும். மெதுவாகச் செய்தேன். மறுபடி. மறுபடி.

13:49

அதியன் சன்னலை நக்குகிறான். பாடத்தில் கவனம் இல்லை. நல்ல பிள்ளை.

ஜைனப் பார்க்கிறாள். கையைத் தூக்கினாள். வாயில் வைத்துக்கொண்டாள். மறுபடி காட்டினேன். உள்ளங்கை தன் பக்கம் திரும்பியிருக்கிறது. இல்லை கண்ணே வெளியே. வெளியே.

திருப்பினாள்

தள்ளினாள். தலை இன்னும் வரவில்லை

13:5

கால் நிற்கவில்லை. சன்னல் விளிம்பில் தாடையை வைத்திருக்கிறேன் அவர்களுக்கு முகம் தெரியும்

ரஷீதா கன்னத்தில் தட்டுகிறார் என்னைப் பார்த்து. உம்மா என்கிறார் என்னை. தப்பு. திருத்தத் தெம்பு இல்லை

அவர்கள் இதைப் பார்க்க வேண்டாம். ரஷீதாவுக்குப் போ என்றேன் கையால். வண்டியைத் திருப்பு என்றேன். தலையாட்டினார் சாவியைத் தொட்டார்

ஜைனபுக்கு டாட்டா காட்டினேன். போய்விட்டு வா என்றேன்

பார்க்கிறாள்

கையைத் தூக்குகிறாள். உள்ளங்கை வெளியே. என்னைப் பார்த்து. தள்ளுகிறாள் தலையும் திருப்பி

மாட்டேன்

மாட்டேன் என்கிறாள் போகமாட்டாளாம் சரியாகச் செய்கிறாள் விரல் ஐந்தும் சரி நான் சொன்னது எதையும் கேட்கா